வெள்ளிக்கிழமைக் கிணறு

டோபின் ஓடை என்கிற எங்கள் ஊரில் வேலை இருக்கிற எவரும் வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் வருவார்கள். மின்சார மீட்டர் பார்க்கிறவர், இன்ஷூரன்ஸ்காரர், பாதிரியார், கழிவுத்தொட்டி சுத்தம் செய்கிறவர் எல்லாரும் அப்படித்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் தீயணைப்பு மண்டபத்தில் மீன் வறுவல். மதியம் தொடங்கி இருட்டுகிற வரைக்கும் நடக்கும். மண்டபத்துக்கும் தீயணைப்புப் படைக்கும் தலைவன் என் தம்பி எல்டன். வறுப்பவனும் அவனேதான். அவனோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. அவன் வறுக்கிற ஹேடக் மீனோடு ஒரு சண்டையும் கிடையாது.

நானும் வெண்டலும்கூட வெள்ளிக்கிழமைகளில்தான் அங்கே போய்க்கொண்டிருந்தோம். கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளைத் தேடிப் பிடித்து, எது எவ்வளவு மீத்தேனைக் கசிய விடுகிறது என்று அளப்பது எங்கள் வேலை. பென்சில்வேனியாவின் இந்த மலைப்பக்கத்தில் அதற்கா பஞ்சம்! காட்டுக்குள் கிணறு, சோளக்கொல்லையில் கிணறு, பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் கிணறு. தோண்டினவர்கள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, ஓட்டையை மூடக்கூட நேரமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாதி ஆயுள் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு எல்லாச் சந்து பொந்தும் தெரியும் என்று என்னை வேலைக்குச் சேர்த்தார்கள். வெண்டல் முன்பு மரம் வெட்டியவன். ஆள் கதவளவு இருப்பான். கரடிக்குப் பயப்படமாட்டான், உண்ணிக்குப் பயந்து கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு திரிவான்.

அளக்கிற முறை ரொம்ப எளிது. கிணற்றின் துருப்பிடித்த குழாய்மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்க்கவேண்டும். விளிம்பைச் சுற்றி ஈரக் களிமண்ணை அப்பி, காற்றுப் போகாமல் அடைக்கவேண்டும். தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் எங்கள் கருவிக்கு வரும். உள்ளே மீத்தேன் சேரச் சேரத் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவு கசிவு. அதிகம் கசிகிற கிணற்றைத்தான் முதலில் சிமெண்டு போட்டு அடைப்பார்கள். அடைக்கிற எந்திர லாரி இந்த வட்டாரத்துக்கே ஒன்றுதான், அதுவும் தரை உறைந்துவிட்டால் கிளம்பிப் போய்விடும்.

கோரின்னின் கிணறு மண்டபத்துக்கு நேர் பின்னால், அவள் வீட்டுக் கொல்லையில், லைலாக் புதருக்குள் இருந்தது. கோரின் என் பேருந்தில் வந்த பிள்ளை. வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாள், அப்புறம் அழகாக மன்னிப்பும் கேட்பாள். இப்போது கல்யாணமாகி நிறைமாதம். போன கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை நிலவறையில் ஏதோ வாடை என்று அவள் கூப்பிட, எல்டன்தான் ஆட்களோடு ஓடினான். நிலவறையில் கால் வைத்ததும் அவன் கையிலிருந்த கேஸ் எச்சரிக்கைப் பெட்டி அலறியிருக்கிறது. "உடுத்தின துணியோட வெளிய வாங்க, இப்பவே!" என்று இரண்டு பேரையும் வெளியேற்றிக் கதவில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுவிட்டான். கிணற்றை அடைத்தால்தான் அட்டை இறங்கும். அதுவரைக்கும் கோரின்னும் அவள் புருஷன் டெக்லனும் மாமியார் ஃபேய் வீட்டில்.

ஃபேய் நல்லவள்தான். ஆனால் அவள் வீட்டில் ஏகப்பட்ட பூனைகள், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஓயாத டிவி, குளிரடித்தாலும் "ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்று கணப்பைக் குறைத்து வைக்கிற கை. குழந்தைக்கு என்று தொட்டில் போட்ட அறையில் மூன்று பூனைகள் குட்டி போட்டிருந்தன.

"ஆன்ட்டி, என் பிள்ளைய என் வீட்டுக்குத்தான் கொண்டு போவேன்" என்றாள் கோரின், நாங்கள் முதல் தடவை அளக்கப் போனபோது. "எப்படியாவது இத லிஸ்ட்டுல மேல ஏத்தி விடுங்க."

"ஏத்தறதுக்கு நான் யாரு? கிணறு ஏத்தும்" என்றேன்.

கிணறு ஏற்றவில்லை. கோடு திரையில் படுத்தே கிடந்தது. அடுத்த வெள்ளி போனோம், படுத்தே கிடந்தது. அதற்கு அடுத்த வெள்ளியும் அதே கதை. தொட்டியை மாற்றினோம், குழாயை மாற்றினோம், வேறு கருவிகூடக் கொண்டுபோனோம். நிலவறையைச் சோதிக்க வந்த அதிகாரியும் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு, மண்டபத்தில் இரண்டு தட்டு மீன் தின்றுவிட்டுப் போனார்.

கோரின் அன்று அழுதுவிட்டாள். "போன செவ்வாக்கிழமைகூட எல்டன் அங்கிளோட பெட்டி அலறிச்சு. இங்க ஒண்ணுமே இல்லங்கறீங்க. அப்ப நான் என்ன பொய்யா சொல்றேன்?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கருவியை ஓடையில் வீசியிருப்பேன். வெண்டல்தான் பிடுங்கிக்கொண்டான்.

இப்படியே அக்டோபர் கடைசிக்கு வந்துவிட்டது. எந்திர லாரி மலைக்கு அந்தப் பக்கம் வேலையை முடிக்கிற நிலையில் இருந்தது. அதன் அடுத்த கிணறு, அதாவது இந்த வருஷத்தின் கடைசிக் கிணறு, எது என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிவாகும், அதற்குள் அளவை அனுப்புங்கள் என்று அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் ஊரே சேர்ந்து கோரின் குடும்பத்துக்கு உதவியாக விசேஷ மீன் வறுவல் ஏற்பாடு செய்திருந்தது. மண்டப வாசலில் அவள் பெயரைப் பெரிதாக எழுதிக் கட்டியிருந்தார்கள். தொட்டிலுக்கு ஒருத்தி பின்னிய போர்வைகூட வந்து சேர்ந்திருந்தது.

நாங்கள் போய் இறங்கியபோது எல்டன் மண்டபப் படியில் நின்று ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

"மீன் வண்டி ஏத்தத்துல நின்னு போச்சாம்க்கா" என்றான் என்னைப் பார்த்ததும். "நாலு ஊரு ஜனம் உள்ள உக்காந்திருக்கு. எண்ணெய் கருகிடும்னு அடுப்ப வேற அணைச்சுட்டு நிக்கறேன். மானம் போகுது!"

"மீன் வரும்டா. அதுக்கேன் ரோட்டுல நின்னு குதிக்கறே?"

"ஒனக்கென்ன, நீ தொட்டியக் கவுத்துட்டு உக்காந்துருவே."

"உக்காந்து பாரு, தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன்.

கோரின் எங்களுக்கு முன்பே மடக்கு நாற்காலியைப் போட்டு லைலாக் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றின்மேல் இரண்டு கையும். பக்கத்தில் டெக்லன், வேலை பார்க்கிற மரமில்லின் தூள் தலையிலிருந்து உதிராமல், நகத்தைக் கடித்துக்கொண்டு. வெண்டல் தொட்டியைக் கவிழ்த்தான், நான் களிமண்ணை அப்பினேன். கருவியைப் போட்டேன்.

கோடு படுத்தே கிடந்தது. மீன் வந்ததா என்று பார்த்து வருகிறேன் என்று வெண்டல் நழுவிவிட்டான். அவனுக்கு யாராவது அழுதால் தாங்காது, அவனும் அழுதுவிடுவான்.

நான் கருவியை அணைக்கக் கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் கோடு அசைந்தது. முதலில் என் கண்தான் அசைகிறது என்று நினைத்தேன். இல்லை. கோடு மெல்லத் தலையைத் தூக்கியது, அப்புறம் நிமிர்ந்தது, அப்புறம் விறுவிறுவென்று ஏற ஆரம்பித்தது.

"டெக்லன்! இங்க வா! ஏறுது பாரு!"

கோரின் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் திரும்ப உட்கார்ந்தாள். "ஏறுதா? நெஜமா ஏறுதா ஆன்ட்டி?"

"அட, ஏணி போட்ட மாதிரி ஏறுதுடி!"

சொல்லி வாய் மூடவில்லை, கோடு நின்றுவிட்டது. அந்த உயரத்திலேயே நேராக, தட்டையாக ஓட ஆரம்பித்தது. அதாவது புதிதாக ஒரு துளிகூட உள்ளே வரவில்லை. தொட்டியைத் தூக்கிக் காற்றாட விட்டு, மறுபடி கவிழ்த்துப் பார்த்தேன். மறுபடி படுத்துக்கொண்டது. இப்படி அரைகுறையாக ஏறிய கோட்டை அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். முழு நேரமும் ஏறவேண்டும், இரண்டு தடவை ஏறவேண்டும்.

ஃபோன் அடித்தது. வெண்டல்.

"வெர்னாக்கா, மீன் வந்துடுச்சு!" என்றான் உற்சாகமாக. "எல்டன் அடுப்ப பத்த வச்சு, மொதல் கூடைய எறக்கியாச்சு. ஒங்களுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கட்டுமா?"

"எப்ப பத்த வச்சான்?"

"இப்பத்தான். சித்த நேரம் முந்தி."

நான் கருவியைப் பார்த்தேன். மண்டபத்தின் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். புகைபோக்கியிலிருந்து மீன் வாடை ஜம்மென்று வந்துகொண்டிருந்தது. இதற்கு முன்பு அந்தக் கொல்லையில் நாங்கள் கருவி வைத்த ஒவ்வொரு நாளும் அந்த வாடை வந்துகொண்டுதான் இருந்தது. கருவியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

சமையலறைக்குள் நான் நுழைந்த வேகத்தில் ஃபேய் கையிலிருந்த முட்டைக்கோஸ் கோல்ஸ்லா பாத்திரம் தவறப் பார்த்தது. எல்டன் ஏப்ரனும் வியர்வையுமாக எண்ணெய்ச் சட்டிமுன் நின்றிருந்தான்.

"அக்கா, இப்ப வராதே. கை வேலையா இருக்கேன்."

"எல்டன், இந்த அடுப்புக்கு கேஸ் எங்கேருந்து வருது?"

"இது என்ன கேள்வி? அப்பா போட்ட லைன். கல்லறைக்குப் பின்னாடி மேட்டுல இருக்கே, அந்தக் கிணறு. அவரு சொன்னாரே."

"சொன்னாரு சரி. காமிச்சாரா?"

அவன் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நீ என்னிக்காவது மண்ணத் தோண்டிப் பாத்தியாடா? குழாய் மேட்டுக்குப் போகுதா, இல்ல பின்பக்கம் கோரின் கொல்லைக்குப் போகுதான்னு?"

"அக்கா, நீ என்ன சொல்ல வர்றே?"

"நீ அடுப்ப அணைச்சே, அங்க கிணறு கசிஞ்சுது. நீ பத்த வச்சே, அங்க நின்னு போச்சு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தக் கிணத்து கேஸ நீ மீன் வறுத்துத் தீத்துடறே. நாங்க அளக்க வந்தா எங்களுக்கு என்ன மிஞ்சும்? மத்த நாள்ல வால்வ மூடிட்டுப் போயிடறே. அது போறதுக்கு வழியில்லாம மண்ணுக்குள்ள ஊறி அவ நிலவறைக்குப் போகுது. அடுப்ப அணைடா!"

"பைத்தியமா ஒனக்கு? மண்டபம் நெறைய ஜனம் பசியோட இருக்கு! அப்பா காலத்துலேருந்து ஒரு வெள்ளிக்கெழம இந்த அடுப்பு பந்தியில அணைஞ்சதில்ல. அதுவும் இன்னிக்கி விருந்தே கோரின்னுக்காகத்தான்க்கா!"

"அவளுக்கு வேண்டியது விருந்து இல்லடா, வீடு!"

கத்திவிட்டேன். மண்டபத்தில் எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பின. எல்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் என்னைத் திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவனோ ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். லைலாக் புதர், மடக்கு நாற்காலி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிற கோரின்.

"அந்தப் பொண்ண நாந்தான்க்கா கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன்" என்றான். "கதவுல அட்டை மாட்டினதும் நாந்தான்."

குனிந்து வால்வைத் திருகி மூடினான். நீலத் தீ பொசுக்கென்று அடங்கியது. சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த மீன் மெல்ல ஊமையானது. அவன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக் கதவில் போய் நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னிக்கி மீன் லேட்டாகும். எவ்வளவு லேட்டுன்னு என் அக்காவைக் கேளுங்க. கோல்ஸ்லாவும் ஆப்பிள் பை பலகாரமும் இருக்கு, தின்னுட்டு சமத்தா இருங்க."

"பாதி வெந்த மீன என்ன பண்றது?" என்றாள் ஃபேய்.

"ஒங்க வீட்டுல திங்க பூனையா இல்ல?" என்றான் எல்டன்.

சமத்தாக யார் இருந்தார்கள்? விஷயம் காதுக்குக் காது பரவி, மொத்தக் கூட்டமும் ஆப்பிள் பை தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டது. வெண்டல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "சிகரெட் இருக்கறவங்க ரோட்டுக்கு அந்தாண்ட! ஒருத்தரும் கிட்ட வராதீங்க!" என்று வேலி மாதிரி நின்றான்.

நான் தொட்டியைக் கவிழ்த்தேன். களிமண்ணை அப்பினேன். நான் சொன்னது தப்பாக இருந்தால்? விருந்தும் கெட்டு, கோரின்னுக்கு இன்னொரு தடவை ஆசையும் காட்டி, கடைசியில் அந்தக் கோடு படுத்துக்கொண்டால்? கருவியைப் போட்டேன். படுத்தே கிடந்தது.

"ஒண்ணும் ஆகலியே" என்றது பின்னால் ஒரு குரல்.

"வாய மூடு" என்றேன் திரும்பாமலே. "இத்தன நேரம் அடுப்பு உறிஞ்சியிருக்கு. ஊறி வரவேண்டாமா?"

ஊறி வந்தது. முதலில் நாற்காலியிலிருந்த கோரின்தான் பார்த்தாள். அவள் மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. கோடு எழுந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. திரையின் உச்சியைத் தொட்டு, கருவி தானாகவே அளவுகோலை மாற்றிக்கொண்டு, மறுபடியும் ஏறியது. யாரோ விசில் அடித்தார்கள். கால்பந்து மைதானத்தில்கூட எங்கள் ஊர்க்காரர்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஒரு ஆப்பிள் பை தட்டு என் தலைக்கு மேலாகப் பறந்தது.

"அப்ப தெனமும் மீன் வறுத்தா கெணறு கசியவே கசியாதே!" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். "எல்டன், நான் தெனமும் வந்து திங்கறேன்ப்பா, ஊருக்காக!"

"என் பிள்ள மீன் வாடையோடவே வளரட்டும்ங்கறீங்களா?" என்றாள் கோரின். அழுதுகொண்டே சிரித்தாள். பல மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வெண்டல் உண்ணியைத் தேடுகிற மாதிரி குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இரண்டாவது தடவையும் அளந்தோம். அதே ஏற்றம். அங்கேயே புல்லில் உட்கார்ந்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"இது சரியான அளவுதானா? போன வாரம் ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கீங்களே?"

"போன வாரம் மீன் வறுத்தாங்க" என்றேன்.

புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. எந்திர லாரி அடுத்து டோபின் ஓடைக்குத்தான் வருகிறது என்று சொன்னாள்.

எல்லாரும் கோரின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தபோது எல்டன் மட்டும் தள்ளி நின்று அந்தத் துருப்பிடித்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனேன்.

"அடைச்சுட்டா நம்ம அடுப்பு அவ்வளவுதான், இல்லக்கா?"

"ஆமாம்டா."

"அப்பாவோட லைன்."

"ஆமாம்."

மூக்கை உறிஞ்சினான். "போனாப் போகுது போ. அந்தத் தீ எப்பவுமே ஒரு பக்கம் சாஞ்சுதான் எரியும்" என்றான். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "அளந்து முடிச்சாச்சா? அப்ப உள்ள வாங்க, கடைசியா ஒரு தடவ இதுல வறுத்துத் தர்றேன். அப்புறம் மீன் வரலைன்னு எவனும் என் அக்காவைத் திட்டக்கூடாது, நான் மட்டுந்தான் திட்டுவேன்!"

அன்று தின்ற மீனைப்போல நான் தின்றதே இல்லை.

லாரி வந்தது. தோண்டியபோது மண்ணுக்கடியில் எங்கள் அப்பாவின் குழாய் கிணற்றோடு சேர்கிற இடம் தெரிந்தது. அந்த இணைப்பைச் சுற்றி எங்கள் வீட்டுப் பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டி வைத்திருந்தார் மனிதர். நானும் எல்டனும் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர்கள் சிமெண்டை இறக்கி, மண்ணைத் தள்ளி, மேலே ஒரு இரும்புத் தகட்டை நட்டுவிட்டுப் போனார்கள். லைலாக் புதருக்கு ஒரு கிளைகூடச் சேதமில்லை.

அடைத்த கிணற்றை இன்னொரு தடவை அளந்து காட்டினால்தான் சிவப்பு அட்டை இறங்கும். அதற்கும் நாங்கள் போனது ஒரு வெள்ளிக்கிழமைதான். ஆனால் இந்தத் தடவை மண்டபத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த பெரிய புரோபேன் சிலிண்டர் நின்றது. எல்டன் அதை ஒரு மாப்பிள்ளையைப் பார்க்கிற மாமனாரைப்போல முறைத்துக்கொண்டிருந்தான். தரையில் முதல் பனி விழுந்திருந்தது. கோரின் ஃபேய் வீட்டிலிருந்து நடந்தே வந்தாள், நெஞ்சோடு கட்டிய துணிப்பைக்குள் மகள். மூக்கு மட்டும் தெரிந்தது.

வெண்டல் தொட்டியைக் கவிழ்த்தான். நான் கருவியைப் போட்டேன். கோடு படுத்துக் கிடந்தது. முன்பு வாராவாரம் எங்களை அழவைத்த அதே கோடு, அதே தட்டை. நாங்கள் மூன்று பேரும் குனிந்து, மூச்சுக்கூட விடாமல், அது எழுந்துவிடக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எழவில்லை.

"ஒண்ணுமே இல்லியா ஆன்ட்டி?" என்றாள் கோரின்.

"ஒண்ணுமே இல்லடி கண்ணு."

"இன்னொரு தடவ பாருங்களேன்."

இன்னொரு தடவை பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எல்டன் மண்டபத்திலிருந்து ஏப்ரனோடு ஓடிவந்தான், கையில் எச்சரிக்கைப் பெட்டி. எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக அவள் வீட்டு நிலவறைக்குள் இறங்கினான். உள்ளே அவன் மூலை மூலையாக நடக்கிற சத்தம் கேட்டது. பெட்டி வாய் திறக்கவில்லை. மேலே வந்தான், சிவப்பு அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவை அகலமாகத் திறந்து பிடித்தான்.

கோரின் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். குழந்தையின் தலைத் துணியைக் கொஞ்சம் விலக்கினாள், வீட்டைப் பார்க்கட்டும் என்று. அப்புறம் உள்ளே போனாள்.

நான் தொட்டியை எடுக்க மறந்துவிட்டு அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தேன். எல்டன் என் தோளில் ஒரு இடி இடித்தான்.

"மீன் ஆறுதுக்கா" என்றான்.